பொட்டு வைத்த சேவல்கள்

அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை அந்த வெள்ளைப் பொட்டுகள்தான். மையில் முக்கி எடுத்ததுபோல் கன்னங்கரேலென்று குஞ்சுகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, குண்டு பல்பின் சூட்டுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றில் ஏறக்குறையப் பாதிக்கு மட்டும் உச்சந்தலையில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல் ஒரு பொட்டு. மற்றவற்றின் தலை வெறும் கறுப்பு. எங்கள் வீட்டில் அதுவரை அப்படி ஓர் ஈடு பொரித்ததில்லை. அப்படிப் பொரிக்கும் என்று மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லிவைத்தவர் என் அண்ணி. அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று நான் நினைக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவள். எழுதும்போது எதிரே யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இந்தத் துணிச்சல் வந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. திண்டிவனத்தில் மரக்காணம் போகிற சாலையில், வீடுகள் குறைந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பா போனபின் அம்மா கோழி வளர்த்துத்தான் எங்கள் இருவரையும் ஆளாக்கினார். முதலில் நாட்டுக்கோழி. பிறகு கால்நடை ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லி, கறுப்பும் வெள்ளையுமாக உடம்பெங்கும் வரி போட்ட சீமைக்கோழிகளை வாங்கி விட்டார். நல்ல முட்டைக்கோழிகள் அவை. அண்ணனுக்குக் கல்யாணம் ஆவதற்குச் சற்று முன்புதான் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கட்டி, குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. கரண்டு போனால் நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக ஓடிச் சாக்கு கொண்டுவந்து அதைப் போர்த்துவோம். அண்ணன் குஞ்சுப் பெட்டிகளைப் பஸ்ஸின் கடைசி சீட்டில் வைத்து விழுப்புரம் சந்தைக்கும் வானூர்ப் பக்கமும் கொண்டுபோய்க் கொடுத்து வருவார். கண்டக்டர்கள் அவரைக் கோழிக்குஞ்சு என்றே கூப்பிடுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. அவர் எதற்குமே கோபித்துக்கொண்டதில்லை. அம்மாவின் எதிரே அவர் சத்தமாக ஒரு பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் என்னைப் போலத்தான்.

அண்ணி விழுப்புரத்துக்காரர். அவருடைய அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஜங்ஷனுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் வளர்ந்து, காலேஜுக்குப் போய் விலங்கியல் படித்தவர். எங்கள் சாதிசனத்தில் அந்த நாளில் காலேஜ் வாசலை மிதித்த பெண் வேறு யாரும் இல்லை. கோழிக் கொட்டகையில் அவர் எப்படிக் காலம் தள்ளுவார் என்று எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. வந்த மறுமாதமே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எரு வாரினார். செத்த குஞ்சைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதனால் செத்தது என்று சொல்வார். தெரியாவிட்டால், "தெரியல, பாக்கலாம்" என்பார். அந்த இரண்டு வார்த்தைகளை அவர் சொல்லும் விதம் எனக்கு அப்போதே பிடித்திருந்தது. எங்கள் ஊரில் யாரும் எதையும் தெரியாது என்று ஒத்துக்கொள்வதில்லை. வழி கேட்டால்கூடத் தெரியாத ஊருக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அவருக்கு வரிசையாக மூன்றும் பெண். மூன்றாவது பிறந்து விழுப்புரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அம்மா வாசலில் ஆரத்தித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆரத்தியை நான்தான் சுற்றினேன். அம்மா கெட்டவர் இல்லை. பேத்திகளுக்குத் தலை வாரிவிடுவதும் கேப்பைக்கூழ் கரைத்து ஊட்டுவதும் அவர்தான். ஆனால் நாக்கு மட்டும் சும்மா இருக்காது. முட்டை வாங்க வருகிறவர்களிடம், "நம்ம கோழிங்க பெட்டையாப் பொரிச்சாதான் நமக்குச் சோறு. அதப் பாத்துக்கினே இருந்து மருமவளும் பெட்டையாவே பெத்துக்கினு இருக்கறா" என்று சொல்லிச் சிரிப்பார். வந்தவர்களும் சிரிப்பார்கள். அண்ணி முட்டையை எண்ணிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருப்பார். முகம் மாறாது. மயிலத்திலிருந்த எங்கள் தாய்மாமா வரும்போதெல்லாம், "அவனுக்கு இன்னொன்னு பாத்துரலாம் அக்கா, வம்சம் நிக்கணுமில்ல" என்று ஆரம்பிப்பார். முதலில் அம்மா அதைக் காதில் வாங்காதவர்போல இருந்தார். பிறகு எந்த ஊர், என்ன வயசு என்று விசாரிக்க ஆரம்பித்தார். அண்ணியின் அப்பா அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இன்னும் கல்யாணமாகாத இரண்டு பெண்களோடு வாடகை வீட்டில் இருந்தார். அண்ணி மூன்று குழந்தைகளோடு அங்கே போய் நிற்க முடியாது. இங்கே இன்னொருத்தி வந்தால் எந்த மூலையில் நிற்பது என்பதும் தெரியாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி கோழிகளில் கை வைத்தார். ஒருநாள் குஞ்சு மட்டும் பெட்டையா சேவலா என்று வெளியே பார்த்துச் சொல்ல எங்களுக்குத் தெரியாது. கலந்துதான் விற்போம். வாங்குகிறவர்கள் வாரக்கணக்கில் தீனி போட்டு வளர்த்து, பாதி சேவல் என்று தெரிந்ததும் எங்களைத்தான் வைவார்கள். அண்ணி அம்மாவிடம், வரிச் சேவல்களையெல்லாம் தனியாக அடைத்துவிட்டு, வரிப் பெட்டைகளோடு வரி இல்லாத சிவப்புச் சேவல்களை வாங்கி விட்டால் பிறந்த அன்றே குஞ்சுகளைப் பிரித்துவிடலாம் என்றார். உடனே முட்டையை எடுத்துப் பெட்டியில் வைக்கவும் விடவில்லை. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்புக்குள் கொஞ்ச நாள் தங்கியிருக்கும், அது தீரவேண்டும் என்றார். அதுவரை முட்டைகள் கடைக்குப் போயின. அம்மாவுக்கு அது பேஜாராக இருந்தது. "சேவல் போனப்புறமும் அது உள்ள குந்திக்கினு இருக்குமாம். கேட்டியாடி கதைய" என்று என்னிடம் சொன்னார். ஆனாலும் விட்டுக்கொடுத்தார். வியாபாரம் என்றால் அம்மா எதையும் ஒருமுறை முயன்று பார்ப்பார்.

முதல் ஈடு பொரிக்கிற நாளில் அண்ணியின் அப்பாவுக்கு மூச்சுத்திணறல் என்று விழுப்புரத்திலிருந்து ஆள் வந்தது. அண்ணி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசற்படி இறங்கும்போது திரும்பி, "பொட்டு பாத்துப் பிரிச்சிடுங்க அத்தை, தெளிவாத் தெரியும்" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். முன்பு வரிச் சேவலும் வரிப் பெட்டையும் சேர்ந்து பொரித்த குஞ்சுகள் எல்லாவற்றுக்குமே தலையில் வெள்ளை இருக்கும். அதனால் நாங்கள் அதைக் கவனித்ததே இல்லை. இப்போது பாதிக்கு இருந்தது, பாதிக்கு இல்லை. அம்மாவும் நானும் பெட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பிரித்தோம். எங்களுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. பொட்டு வைத்தது பெண். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மா ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, "வா மகாலச்சுமி, வா மகாலச்சுமி" என்று சொல்லிச் சொல்லி ஒரு பெட்டியில் விட்டார். முட்டைக்கு வளர்க்கப் பெட்டை வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த வானூர்க்காரர் ஒருவருக்கு அந்த மகாலட்சுமிகள் போனார்கள். பொட்டில்லாதவை சேவல் விலைக்கு விழுப்புரம் சந்தைக்குப் போயின.

அண்ணி திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, எதை எங்கே அனுப்பினீர்கள் என்பதுதான். அம்மா சொன்னார். அண்ணி கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "அத்தை, பொட்டு வெச்சது சேவல்" என்றார். அம்மா நம்பவில்லை. "எந்த ஊருல சேவலு பொட்டு வெச்சிக்கினு திரியுது?" என்றார். அண்ணி அண்ணனை வானூருக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். அண்ணனும் போனார். அந்த வானூர்க்காரரும் அம்மாவின் கட்சிதான். பூவும் பொட்டும் பொம்பளைக்குத்தானே என்று சொல்லி, அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவரே வந்தார். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"வாங்க, இன்னா அங்கயே நிக்கிறீங்க?" என்றார் அம்மா.

"இன்னாத்த சொல்றது? நீங்க பொட்டு வெச்சி அனுப்புன பொண்ணுங்க எல்லாம் கொண்டைய வளத்துக்கினு விடியகாலம் என்ன எழுப்புதுங்க. ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்தக் கொட்டாயும் கூவுது. பக்கத்து வூட்டுக்காரன் சண்டைக்கு வரான்."

அண்ணி உள்ளேயிருந்து வந்து, அடுத்த ஈட்டில் பொட்டில்லாத குஞ்சுகளாகத் தருவதாகச் சொல்லி அவரைச் சமாதானம் செய்து அனுப்பினார். விழுப்புரம் சந்தையில் சேவல் என்று நினைத்து அந்தப் பெட்டைகளை வாங்கிப்போன யாரோ ஒருவர் அந்த வருடம் முட்டையாக அள்ளியிருப்பார். அவர் யாரென்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

அன்று மத்தியானம் அம்மா விதைக்காக வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உடைத்துக்கொண்டிருந்தார். நானும் எதிரே உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அண்ணியைக் கூப்பிட்டு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கோபமாக இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது. அண்ணி முறத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உடைத்த கொட்டைகளில் தேடி, இரண்டு பருப்பும் பருத்த ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு பருப்பு பருத்து, மற்றது சூம்பிப்போன இன்னொன்றை அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஒவ்வொரு உயிருக்குள்ளயும் நூலு மாதிரி இழைங்க இருக்குது அத்தை. ஆணா பொண்ணான்னு சொல்றது அதுல ரெண்டு இழை. சேவலுக்கு அந்த ரெண்டும் பெருசு, இந்தக் கொட்ட மாதிரி. பெட்டைக்கு ஒண்ணு பெருசு, ஒண்ணு சூம்பினது. குஞ்சுக்கு அப்பன்கிட்டருந்து ஒண்ணு வரும், ஆத்தாகிட்டருந்து ஒண்ணு வரும். அப்பன் எதக் குடுத்தாலும் பெருசுதான். ஆத்தா பெருசக் குடுத்தா சேவலு. சூம்பினதக் குடுத்தா பெட்டை."

"அப்ப வரி?"

"அது பெரிய இழையிலதான் குடியிருக்குது. சூம்பினதுல அதுக்கு எடமில்ல. அதான் வரி போட்ட ஆத்தாகிட்டருந்து அது மகனுக்குத்தான் போவும். குஞ்சா இருக்கும்போது அதுதான் பொட்டாத் தெரியுது. மகளுக்கு அப்பனோட பெரிய இழை மட்டும்தான். நம்ம சிவப்புச் சேவலுக்கு வரி இல்ல, அதனால மகளுக்குப் பொட்டு இல்ல. இதே வரிச் சேவல உட்டா எல்லாத்துக்கும் பொட்டு வந்துரும், ஒண்ணும் பிரிக்க முடியாது."

அம்மா இரண்டு கொட்டைகளையும் கையில் எடுத்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் போகாதவர் என்றாலும் கோழி விஷயம் அவருக்குச் சொன்னவுடன் புரியும். புரிந்ததும் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சம் எங்கே போய் விழும் என்று நான் நினைக்கவில்லை.

"அப்படின்னா, சேவலா பெட்டையான்னு முடிவு பண்றது பெட்டைதான். அவ சூம்பினதக் குடுத்தா பொண்ணு. இத நீயே சொல்ற."

"கோழிக்கு அப்படித்தான் அத்தை."

"மூணு வாட்டி நீ சூம்பினதக் குடுத்துட்டு, பேரன் எங்கன்னு ஊரு என்னை ஏன் கேக்குது?"

அண்ணி அவசரப்படாமல் சொன்னார். "மனுஷங்களுக்கு நேர்மாறு. நம்மள்ல பொம்பளைக்குத்தான் ரெண்டும் பெருசு. சூம்பினது ஆம்பளகிட்ட இருக்குது. அவர் அதக் குடுத்தா ஆம்பளப் புள்ள. பெருசக் குடுத்தா பொண்ணு."

அம்மா முறத்தைத் தட்டித் தூசி விட்டார். "நல்லா இருக்குதே ஞாயம். கோழிக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு. காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா, மாமியார்கிட்ட எப்படித் தப்பிக்கிறதுன்னு?"

எனக்கு அழுகை வந்தது. கோழியைப் பற்றி அண்ணி சொன்னது எவ்வளவு சரியோ, அவ்வளவும் அவருக்கு எதிராகப் போனது. மாமா மறுவாரம் வந்தபோது அம்மா அவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தார். மாமா, "படிச்சவளே ஒத்துக்கினாளா? அப்புறம் இன்னா யோசனை" என்று, செஞ்சிப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பேசி முடித்துவிடும் மும்முரத்தில் கிளம்பிப் போனார். குஞ்சு பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு பெண்ணின் அம்மா ஒருநாள் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம் அண்ணன் கொட்டகையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிகளில் காற்றுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தீனிமூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தலை நிமிராமல், "நீ இன்னாத்துக்கு கோழிக்கு ஆத்தாதான்னு அம்மாகிட்ட சொன்ன? கோழிக்கும் அப்பன்தான், மனுஷனுக்கும் அப்பன்தான்னு ஒரே மாதிரி சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்ல. இப்பவாவது தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. அம்மாவுக்கு இன்னா தெரியப்போவுது?" என்றார். அது அவருக்குத் தெரிந்த வழி. அண்ணியைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

அண்ணி கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "கோழிக்கு அப்பன்தான்னு சொன்னா பொட்டு எப்படி வந்துதுன்னு கேப்பாங்க. அதுக்கு இன்னொரு பொய் சொல்லணும். அதெல்லாம் இருக்கட்டும். எனக்கு ஆவுதுன்றதுக்காகக் கோழிய மாத்திச் சொல்லமாட்டேன். அது என்ன அப்படியா இருக்குது?" என்றார். அண்ணன் ஓட்டை போடுகிற ஆணியைக் கையில் வைத்தபடி வெகுநேரம் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செஞ்சிப் பெண்ணின் அம்மா மாமாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நெடுநெடுவென்று உயரம், வெயிலில் கறுத்த முகம், காலில் ஆண்கள் போடுகிற மாதிரி தோல் செருப்பு. காணி வைத்துப் பயிர் செய்கிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அண்ணிதான் டீ போட்டுக் கொடுத்தார். மூன்று பெண்களும் குளித்துப் பவுடர் போட்டு, ஒரே துணியில் தைத்த பாவாடைகளோடு கூடத்தில் நின்றார்கள். அண்ணி அவர்களை மறைத்துவைக்கவில்லை. அம்மா, வந்தவரைக் கையோடு கொட்டகைக்கு அழைத்துப்போனார். வீட்டில் பெருமையாகக் காட்ட எங்களுக்கு வேறு என்ன இருந்தது? அன்று காலையில் பொரித்த குஞ்சுகள் பெட்டியில் இருந்தன. வாயை அடக்கத் தெரியாத அம்மா, பொட்டு வைத்தது சேவல், வைக்காதது பெட்டை, இந்த ஜில்லாவிலேயே ஒருநாள் குஞ்சைப் பிரித்துக் கொடுப்பது நாங்கள்தான் என்று அளந்தார்.

அந்த அம்மா குனிந்து ஒரு குஞ்சைக் கையில் எடுத்தார். "இந்த வித்த யாரு கண்டது? நீங்களா?"

"இல்ல, மருமவ. காலேஜு படிச்சவ" என்றார் அம்மா. குரலில் பெருமை தானாக வந்துவிட்டது. வந்தபிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"டீ குடுத்துதே, அந்தப் பொண்ணா? அது இருக்கும்போதா எம்பொண்ணக் கேக்கறீங்க?"

மாமா குறுக்கே வந்தார். "பொட்டப் புள்ளையாவே பெத்துக்கினு இருக்குதும்மா. அதுவே சொல்லுது, ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது ஆத்தாதான்னு."

அந்த அம்மா குஞ்சைப் பெட்டியில் விட்டுவிட்டு அண்ணியின் பக்கம் திரும்பினார். "அப்படியா தாயி?"

கொட்டகை வாசலில் நின்றிருந்த அண்ணி, கோழிக்குத் தாய், மனுஷனுக்குத் தகப்பன் என்பதை மறுபடியும் சொன்னார். "உங்க பொண்ணு வந்தாலும் மூணும் பொண்ணாப் பொறக்கலாம். மூணும் பையனாப் பொறக்கலாம். யார் நெனச்சும் அது வர்றதில்ல. அவர் நெனச்சும் வர்றதில்ல. ஆனா அவர்கிட்டருந்துதான் வருது."

"இத நான் எப்படி நம்பறது?" என்று கேட்டார் அந்த அம்மா. குத்தலாக இல்லை, விதைநெல் வாங்கும்போது கேட்கிற மாதிரி கேட்டார். நம்பச் செய்வதற்கு அண்ணியிடம் வேறு எதுவும் இல்லை. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். மாமா, "நீ சொல்றா" என்றார்.

அண்ணன் எங்கள் அம்மாவைப் பார்க்காமல், வந்தவரைப் பார்த்தே பேசினார். "நான் படிச்சவன் இல்லீங்க. எனக்கும் அது புரியாது. ஆனா கோழிக்கு ஆத்தாதான்னு சொன்னா தன் தலைமேலயே விழும்னு இவளுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னா. மாத்திச் சொல்லுன்னு நானே கேட்டுப் பாத்தேன், சொல்லலை. தனக்கு ஆவாதத மறைக்காம சொல்றவ, தனக்கு ஆவறதுல மட்டும் பொய் சொல்லுவாளா? அவ மனுஷனுக்கு அப்பன்தான்னு சொன்னா அப்பன்தான். எம்பொண்ணுங்க மூணும் எங்கிட்டருந்து வந்துதுங்க. இன்னொருத்தியக் கட்டி எனக்கு இன்னா ஆவணும்?"

நான் தீனிமூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அந்த அண்ணனுக்குத் தங்கையாகப் பிறந்ததற்கு எனக்கு உண்டான பெருமையை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மா புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு சிரித்தார். "வந்தது குஞ்சு பாக்கன்னுதானே? பாத்தாச்சு" என்று மாமாவிடம் சொன்னார். பிறகு அண்ணியிடம், "அடுத்த வாரம் எங்க ஊரு பையன் ஒருத்தன அனுப்புறேன். எனக்கு ஒரு பெட்டி குஞ்சு குடுத்து வுடு தாயி. பொட்டு இல்லாதது" என்றார். டீ கிளாஸைத் தானே கொண்டுபோய்த் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். மாமா பின்னால் ஓடினார். அதன்பிறகு எங்கள் வீட்டில் மாமா வம்சம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

மறுநாள் சேவல் மாற்ற வேண்டிய நாள். சிவப்பா வரியா என்று அண்ணி சொன்னாலும், அதில் எந்தச் சேவலை எந்தக் கூட்டத்தில் விடுவது என்பதை அம்மா அதுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கால்நகத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, தூக்கி எடை பார்த்து அவரே பொறுக்குவார். அன்று காலை கூண்டின் கதவைத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்று, "எது வேணும்னு நீயே பொறுக்கிக்க" என்றார் அண்ணியிடம். மன்னிப்பு என்று ஒன்றை என் அம்மா வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ‘நீயே பொறுக்கிக்க’ என்பதற்கு மேல் பெரிய வார்த்தையும் கிடையாது.

பேரன் ஆசை அவருக்கு அதோடு போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். மயிலம் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் என்ன வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணியைச் சொல்லிச் சிரிப்பது நின்றது. அதைவிட வேடிக்கை, சில வருடங்களில் அம்மாவே அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டார். குஞ்சு வாங்க வானூரிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் வருகிற பெண்களில், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பெண்குழந்தைகளோடு வருகிறவர்கள் உண்டு. கூட வருகிற மாமியார் ஏதாவது குத்திப் பேசினால் அம்மா விடமாட்டார். "கோழிக்குத் தாயி, நமக்குத் தகப்பன். தெரியாம பேசாத. எம்மருமவ சொல்லியிருக்கறா" என்பார். அதனாலேயே இரண்டொரு வாடிக்கை போனது. அம்மா கவலைப்படவில்லை. அந்த மருமகள்கள் குஞ்சுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பி அண்ணியைத் தேடிப் பார்ப்பார்கள். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அம்மா போய்ப் பல வருடம் ஆயிற்று. அண்ணனும் போய்விட்டார். கோழித் தொழிலைப் பெரிய கம்பெனிகள் எடுத்துக்கொண்டபின் கொட்டகையையும் பிரித்துவிட்டோம். அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். கணவர் இறந்தபின் நான் மறுபடி திண்டிவனத்துக்கே வந்து அண்ணியோடு இருக்கிறேன். மூன்று பெண்களும் மூன்று ஊரில் இருக்கிறார்கள். மூத்தவள் படித்துப் படித்து, இப்போது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அண்ணி அன்று சொன்ன அதே இழைகளைப் பற்றித்தான் வேலை செய்கிறாள். போன பொங்கலுக்கு வந்தபோது கூடத்தில் கம்ப்யூட்டரை மடியில் வைத்து எழுதிக்கொண்டே இருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்டேன். எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னாள்.

உடம்பில் உள்ள மரபணுக்களில் சில ஆணிடம் அதிகமாக வேலை செய்யுமாம், சில பெண்ணிடம். அவை எல்லா இழைகளிலும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லையாம். பறவைகளில் ஆணிடம் அதிகம் வேலை செய்பவை அந்தப் பெரிய இழையில்தான் கூட்டமாக இருக்கின்றன. சேவலுக்கு அதில் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. அதனால் தலைமுறை தலைமுறையாக அந்த இழை தன் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சேவல்களின் உடம்பில்தான் கழிக்கிறது. யாருடைய வீட்டில் அதிக நாள் இருக்கிறதோ அவருடைய வீட்டுக்கு ஏற்றமாதிரி அதுவும் மாறிப்போகலாம் என்றாள். மனுஷனிலும் ஈயிலும் கதை வேறு மாதிரி, ஒவ்வொரு பிராணிக்கும் ஒவ்வொரு கணக்கு என்றாள். அண்ணி சமையல்கட்டில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கூச்சத்தோடு ஒன்று கேட்டேன். "சேவலுக்கு ஆவுதுன்னு அதுங்க அங்க போய்ச் சேந்துதா, இல்ல சேவலுக்கு ரெண்டு இழை இருக்கறதாலதான் அதிகமா வேலை செய்யுதா?"

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அதான் அத்தை கேள்வியே. ரெண்டும் கலந்து இருக்குது. எது எவ்வளவுன்னு எனக்கு இன்னும் தெரியல."

"தெரியலன்னா தெரியலன்னு எழுதிடு" என்றார் அண்ணி உள்ளேயிருந்து.

"அப்படித்தாம்மா எழுதிக்கினு இருக்கேன்" என்றாள் மூத்தவள்.